பெரிய திரை வாங்கப் போகிறவர்

பொருள் வாங்குகிறவர்கள் ஒரு கூட்டம், வாங்காதவர்கள் ஒரு கூட்டம். இந்த இரண்டுக்கும் நடுவே, ஒரு கால் வீட்டு வாசலிலும் ஒரு கால் கடை வாசலிலுமாக, ஆண்டுக்கணக்கில் நின்றுகொண்டிருக்கிறது மூன்றாவது இனம் ஒன்று. அதற்குப் பெயர் 'வாங்கப் போகிறவர்.' இவரைக் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சனுக்குக் காசு போய்விடுமே என்று பயம். இவருக்குத் தப்பான பொருள் வந்துவிடுமே என்று பயம். கஞ்சனையாவது ஒரு நாள் திருத்திவிடலாம். இவரைத் திருத்தவே முடியாது. ஏனென்றால், இவர் சொல்வதெல்லாம் சரியாக இருக்கும்.

இவரை அடையாளம் காண்பது மிகச் சுலபம். எந்தப் பொருளைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுகிறாரோ அந்தப் பொருள் இவர் வீட்டில் இருக்காது. துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து உங்களுக்கு விளக்கிக்கொண்டிருப்பார். உள்ளே அவருடைய சட்டையை யாரோ கையால் கும்மிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்கும்.

நாம் பார்க்கப் போகிறவர் கண்ணாடி பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். பின்னால் வெள்ளை விளக்கு எரிய, முன்னால் வரிசையாக ஊர்ந்து போகும் பாட்டில்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது அவர் வேலை. குமிழியா, தள்ளு. கீறலா, தள்ளு. கழுத்துக் கோணலா, தள்ளு. நல்ல பாட்டிலைப் பார்த்து 'ஆகா' என்று சொல்வதற்கு அங்கே யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. பகலெல்லாம் குறை தேடிய கண்ணைச் சாயங்காலம் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டா வீட்டுக்கு வர முடியும்? அதே கண்ணோடுதான் அவர் கம்ப்யூட்டருக்குப் பெரிய மானிட்டர் வாங்கப் புறப்பட்டார்.

தேவை இல்லாமல் புறப்படவில்லை. வீட்டிலிருந்த மானிட்டர் அந்தக் காலத்துச் சதுரம். நட்டநடுவே பச்சைக் கோடு ஒன்று மேலிருந்து கீழாக ஓடும். அவரும் மனைவியும் மகளுமாக மூன்று பேரும் உட்கார்ந்து படம் பார்த்தால், நேர் எதிரே இருப்பவருக்கு மட்டும்தான் நடிகர்களுக்கு மனித நிறம்.

"என் பக்கத்துலேருந்து பார்த்தா ஹீரோ நீலமா இருக்கான்" என்பார் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி. அவர் பிசியோதெரபிஸ்ட். பிறத்தியாரின் கழுத்தை நிமிர்த்திவிட்டு வந்து, வீட்டில் தன் கழுத்தைத் திருப்பிக்கொண்டு படம் பார்ப்பவர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அப்பாவும் மகளும் கார் பந்தயம் விளையாடுவார்கள். இருக்கிற சின்னத் திரையை மேலும் கீழுமாக இரண்டாகப் பிளந்து, மேல் பாதியில் அவர், கீழ்ப் பாதியில் அவள்.

"அப்பா, இதுல நான் எது, நீங்க எது?"

"பின்னாடி போறது நீ."

"ரெண்டுமே பின்னாடிதான்பா போகுது."

அந்த மகளுக்குத் தூரத்து நகரத்தில் படிக்க இடம் கிடைத்தது. கிடைத்த அன்றைக்கே அவர் வாக்குக் கொடுத்துவிட்டார். "நீ ஹாஸ்டலுக்குக் கிளம்புறதுக்குள்ள பெரிய மானிட்டர் வந்துடும். அதுல உன்னைத் தோக்கடிச்சுதான் பஸ் ஏத்துவேன்." மகள் கை நீட்டினாள். அவர் அடித்துச் சத்தியம் செய்தார். கோடை முழுவதும் கையில் இருந்தது. ஒரு மானிட்டர் வாங்க ஒரு கோடை போதாதா?

போதாது. வாங்கப் போகிறவரின் முதல் வேலை வாங்குவதா என்ன? படிப்பது. அவர் படித்தார். எத்தனை அங்குலம், எத்தனை புள்ளி, நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கிறது, கறுப்பு எவ்வளவு கறுப்பு என்று எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தார். பஸ்ஸில் போகும்போது, முன்பின் தெரியாத ஆட்கள் மானிட்டரைப் பெட்டியிலிருந்து பிரிக்கும் வீடியோவை, சொந்தத் தங்கையின் கல்யாண வீடியோவைக்கூட அப்படிப் பார்த்திராத கவனத்தோடு பார்த்தார். படிக்கப் படிக்கச் சிக்கல் வளர்ந்தது. விளையாட்டுக்கு ஏற்ற திரையில் படத்தின் இருட்டுக் காட்சிகள் சாம்பல் பூசியதுபோல் இருக்குமாம். படத்துக்கு ஏற்ற திரையில் கார் வேகமாகத் திரும்பினால் பின்னால் வால் முளைக்குமாம். இரண்டுக்கும் ஏற்றது ஒன்று உண்டு. அதில் ஒரே படம் வெகுநேரம் நின்றால் தடம் விழுந்துவிடுமாம். எதிலும் ஒரு 'ஆனால்' இருந்தது. அவர் அந்த 'ஆனால்' எங்கே இருக்கும் என்று தேடித் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அடுத்து அளவுப் பிரச்சினை. இருபத்தேழு அங்குலமா, முப்பத்திரண்டா? இதை மனத்தளவில் தீர்க்க முடியுமா? எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்த குளிர்சாதனப் பெட்டியின் அட்டையைக் கேட்டு வாங்கி, இரண்டு அளவிலும் வெட்டி, முதலில் சின்னதை மேஜைமேல் நிறுத்திவைத்தார். பழைய மானிட்டர் தரைக்கு இறங்கியது. மூன்றாம் நாள் சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்து பார்த்தால், மனிதர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அந்த வெற்று அட்டையின் இடது மூலையையும் வலது மூலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன படம் ஓடுது?"

"கிண்டல் பண்ணாதே. கண்ணு எவ்வளவு தூரம் போகுதுன்னு பாக்கறேன்."

"ரொம்ப தூரம் போயிடுச்சுங்க. டாக்டர்கிட்ட காட்டலாமா?"

மறு வாரம் பெரிய அட்டை ஏறியது. அதற்கடுத்த வாரம் வளைந்த திரை நல்லது என்று எங்கோ படித்துவிட்டு, அட்டையின் இரண்டு ஓரத்திலும் துளை போட்டுக் கயிறு கட்டி வில்லாக வளைத்தார். மகள் அதன் நடுவே பச்சை ஸ்கெட்ச் பேனாவால் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டுவைத்தாள். "பழக்கமான படம் மாதிரி இருக்கட்டும்பா."

கடைக்குப் போகாமலும் இல்லை. சனிக்கிழமை தவறாமல் போனார். அவர் தலை கண்ணாடிக் கதவுக்கு வெளியே தெரிந்ததுமே அனுபவசாலியான விற்பனையாளர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் டீ தாகம் எடுத்துவிடும். புதிதாகச் சேர்ந்த ஒருத்தர் மட்டும் சிரித்த முகத்தோடு மாட்டிக்கொள்வார். "என்ன சார் பாக்கறீங்க?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் பாடம் ஆரம்பமாகிவிடும். பக்கத்தில் நிற்கும் வாடிக்கையாளர்களும் கூடிவிடுவார்கள். அவர் பேச்சைக் கேட்டு ஒரு தம்பதி வாங்கினார்கள், ஒரு பல் மருத்துவர் வாங்கினார், கல்லூரிப் பையன்கள் சேர்ந்து வாங்கினார்கள். அவர் மட்டும் வெறுங்கையோடு திரும்பினார். வாங்கியவர்களை நினைத்து அவருக்குப் பாவமாகக்கூட இருந்தது. "அவசரக்காரங்க. ரெண்டு மாசத்துல புது மாடல் வருது, தெரியாம மாட்டிக்கிட்டாங்க."

கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் காலையில் மகளுக்குப் பஸ். பெட்டிகள் கூடத்தில் வாய் பிளந்து கிடந்தன. மகள் ஒன்றும் கேட்கவில்லை. துணியை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கேட்காததுதான் அவரை என்னவோ செய்தது. "கிளம்புடி" என்றார். "இன்னைக்கு வாங்கிடறோம்."

பெட்டி பெரியது, ஆட்டோவில் நுழையாது என்பதால் மச்சினனைக் காரோடு வரச்சொன்னார்கள். மனைவியின் தம்பியான இந்த மச்சினனுக்குக் குடும்பத்தில் 'பத்து நிமிஷம்' என்று பெயர். வீடு, கார், மூக்குக் கண்ணாடி எதுவானாலும் அவன் முடிவெடுக்க எடுத்துக்கொள்ளும் நேரம் அது. அதில் பாதி, வண்டி நிறுத்த இடம் தேடுவதில் போய்விடும். பரிசோதகர் அவனைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்த்திக்கொள்வார், வியாதிக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல.

கடையில் அதிசயம் நடந்தது. முப்பத்திரண்டு அங்குலத்தில் ஒன்றை அவர் விரல் நீட்டிக் காட்டினார். அவர் மனம் மாறுவதற்குள் விற்பனையாளர் ஓடிப்போய்ப் புதுப் பெட்டியைக் கொண்டுவந்து பிரித்து, மின்சாரம் கொடுத்தார்.

"பில் போட்டுடலாமா சார்?"

"ஒரு நிமிஷம். வெள்ளை ஸ்கிரீன் போடுங்க."

திரை முழுக்க வெள்ளையானது. மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து, மேல் மூலையிலிருந்து வரிவரியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒளிராமல் செத்துப்போன புள்ளி ஒன்றுகூட இல்லை. கறுப்புப் போடச் சொன்னார். ஓரங்களில் வெளிச்சம் கசியவில்லை. சிவப்பு, பச்சை, நீலம், எல்லாம் சுத்தம். ஒரு குறையும் இல்லாத பொருளை எதிரே வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அந்தத் தொழிற்சாலையில் அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கை பிசைந்தார். பிறகு, தனக்கே தைரியம் சொல்லிக்கொள்வதுபோல மச்சினன் பக்கம் திரும்பினார்.

"இது ஏன் நல்லதுன்னா மச்சான்..."

என்ன அருமையான பேச்சு அது! புள்ளிகளின் நெருக்கத்தைச் சொன்னார், அருகே போனாலும் எழுத்து உடையாததைச் சொன்னார், காரின் வளைவில் வால் முளைக்காததைச் சொன்னார், இருட்டுக் காட்சியில் சுவரும் நிழலும் தனித்தனியாக நிற்பதைச் சொன்னார். பத்து நிமிஷத்தின் கண்கள் விரிந்தன.

"சரி, எதுக்கும் அந்த ஓரத்துல இருக்கறதையும் ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்" என்று அவர் நகர்ந்தார். திரும்பி வந்தபோது பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மச்சினன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா இது?"

"நீங்க அந்தப் பக்கம் போனீங்களா, சரி, மாமாவுக்கு இது பிடிக்கலைபோலன்னு நினைச்சேன். நீங்க சொன்னதைக் கேட்டதுக்கப்புறம் விட மனசு வரலை மாமா."

"இன்னொரு பெட்டி எடுங்க" என்றார் விற்பனையாளரிடம்.

"இதுதான் சார் கடைசி. அடுத்த மாசம்தான் வரும்."

"காட்சிக்கு வெச்சிருக்கீங்களே, அது?"

"அதுல தடம் விழுந்திருக்குன்னு போன சனிக்கிழமை நீங்கதானே சார் எல்லாருக்கும் காட்டினீங்க?"

காரில் பின் இருக்கையில் பெட்டியும் மகளும். முன்னால் பேயறைந்ததுபோல் அவர். பத்து நிமிஷம் நல்லவன். சிக்னலில் நின்றபோது சொன்னான்: "மாமா, நீங்களே எடுத்துக்குங்க. நான் அடுத்த மாசம் வாங்கிக்கறேன்."

அவர் உடனே தலையை ஆட்டினார். "வேணாம் மச்சான். உன் பேர்ல பில் போட்டாச்சு. அடுத்த மாசம் வர்றதுல இன்னும் கொஞ்சம் மாத்தியிருப்பான். பாத்துக்கலாம்."

சொல்லும்போது அவர் முகத்தில் வந்தது வருத்தமா? கண்ணாடியில் மகள் பார்த்துவிட்டாள். தேர்வு தள்ளிப்போன பிள்ளையின் முகத்தில் வருகிற நிம்மதி அது.

"அடுத்த மாசம் நான் இங்க இல்லைப்பா" என்றாள்.

பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. பின்னால் ஒருவன் ஹாரனை அமுக்கினான்.

"மாமா, உங்க வீட்டுக்கே விடுங்க. அம்மாவை கேம் கண்ட்ரோலரை எடுத்துக்கிட்டு அங்க வரச் சொல்றேன்" என்றாள் மகள், வண்டி ஓட்டிய பத்து நிமிஷத்திடம்.

மச்சினன் வீட்டில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து மானிட்டரை வைத்து, அவனுடைய கம்ப்யூட்டரோடு இணைத்தார்கள். மனைவி வந்து ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டார். படம் வந்தது. பரிசோதகரின் கை தானாகப் பின்னால் போய் மெனு பொத்தானைப் பிடித்தது. வெளிச்சம் அதிகம், குறைத்தார். சிவப்பு தூக்கல், தணித்தார். குறைத்தது போதுமா என்று மறுபடி ஏற்றினார்.

"அப்பா, உக்காருங்க."

"ஒரே நிமிஷம்டி. கலர் மட்டும்..."

"அப்பா. நாளைக்குக் காலையில பஸ்."

அவர் கட்டைவிரல் பொத்தான்மேல் நின்றது. சிவப்பு இன்னும் தூக்கலாகத்தான் இருந்தது. விட்டுவிட்டார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கண்ட்ரோலரை வாங்கிக்கொண்டார்.

முதல் வளைவிலேயே அவர் கார் வேலியை உடைத்துக்கொண்டு வயலுக்குள் போனது. இரண்டாவது வளைவில் மைல்கல்லில் மோதி நின்றது.

"எங்கப்பா பாக்கறீங்க?"

"மரத்துல இலை இலையாத் தெரியுதுடி!"

"ரோடு தெரியுதா?"

"அதை இன்னும் பாக்கலை."

படுதோல்வி. மறுபடி ஒரு பந்தயம், மறுபடி தோல்வி. மூன்றாவதில் அவளை இடித்துத் தள்ளிவிட்டு முந்தினார். "கள்ள ஆட்டம், கள்ள ஆட்டம்" என்று மகள் அவர் முழங்கையைப் பிடித்து இழுக்க, மனைவி எழுந்து மகள் கட்சியில் சேர, "என் மானிட்டர்ல எனக்கு ஒரு ரவுண்டாவது குடுங்க" என்று பத்து நிமிஷம் பின்னால் நின்று கெஞ்சிக்கொண்டே இருந்தான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் மகள் பஸ் ஏறிவிட்டாள். அவர் திருந்திவிட்டார் என்று நீங்கள் எதிர்பார்த்தால், இந்த இனத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் விடுமுறைக்கு வருவதற்குள் அவர் கட்டாயம் வாங்கிவிடப் போகிறார். இப்போது நாற்பது அங்குலத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கட்டுமா? ஒரு மனிதர் மகளோடு விளையாடியதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, உங்கள் மனத்தின் ஒரு மூலையில், 'செத்த புள்ளி ஒன்றுகூட இல்லையாமே, எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று சொல்லவே இல்லையே' என்று ஓர் அரிப்பு எடுத்ததா, இல்லையா? எடுத்திருந்தால், வாருங்கள், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்களும் அந்த வீட்டு ஆள்தான்.