ஆளுக்கொரு பூட்டு

பெண்டாட்டி பஞ்சாலைக்குத் தெரியாமல் ஒரே ஒரு காரியமாவது செய்தே தீருவது என்று லாபு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கணேசமூர்த்தி முடிவு கட்டினார். கோலா கிளாவாங் பக்கம் மலைத் தோட்டத்துக்கு மாற்றல் கேட்டு ஒரு மனு. இங்கே நாலு மச்சான்மாரும் ஞாயிறு தவறாமல் வந்து பந்தியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களை விட்டுப் பஞ்சாலை லேசில் நகரமாட்டாள். தோட்ட மேனேஜர் துரை சம்மதம் கொடுத்துவிட்டால் அப்புறம் என்ன செய்வாள், பாவம்.

மனு இருந்தது வீட்டுக் கம்ப்யூட்டரில். ஆபீசில் கழித்துக்கட்டியதை 1996இல் அவர் தூக்கிவந்திருந்தார். அதில் பஞ்சாலையும் கை வைப்பாள். அதனால் எழுதினதைப் பூட்டிவைக்கும் டிஸ்க் ஒன்றைச் சிரம்பான் கடையில் வாங்கிவந்து, கம்ப்யூட்டருக்குள் ஆளுக்கொரு பெட்டி செய்தார்.

"என்னாங்க பெட்டி?"

"உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. ரகசியச் சொல்லைத் தட்டினாத்தான் திறக்கும். இல்லாட்டி எழுத்தெல்லாம் கோழி கிண்டின மாதிரி தெரியும்."

"சொல்லு மறந்துபோச்சுன்னா?"

"போனது போனதுதான். செஞ்சவனாலயும் முடியாது."

"அப்ப உங்களதை நான் பார்க்க முடியாது?"

"முடியாதுலா." சொல்லும்போதே அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துகொண்டது.

மனுவைத் தன் பெட்டியில் போட்டு, ரகசியச் சொல்லை ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தையும் உரக்கக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தட்டிப் பூட்டினார். இருபது வருசம் காலைப் பெரட்டில் ஆள் பேர் கூப்பிட்ட வாய். பஞ்சாலை அடுப்படியில் கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் வந்தாள். "கொஞ்சம் வெளிய நில்லுங்க," என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் தன் பெட்டியோடு இருந்தாள். அங்கே பிடித்தது சனியன். இவளுக்கு என்ன ரகசியம்?

"அதுல என்னா வச்சிருக்கே?"

"உங்களதுல என்னா இருக்கு?"

அவள் அந்தப் பக்கம் போனதும் கிராணி அவள் பெட்டியைத் திறக்கப் பார்த்தார். அவள் குலசாமி பேர், பெரிய மச்சான் பேர், போன வருசம் செத்த ஆட்டின் பேர், எல்லாம் தட்டிப் பார்த்தார். ஊஹூம். சோறு இறங்கவில்லை. அதே யோசனையில் மனுவை ஆபீசுக்குக் கொண்டுபோய் அச்செடுத்தார். ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுத் துரையிடம் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை துரை கூப்பிட்டுக் கை குலுக்கினார். ரிட்டயர் ஆகும்வரை லாபுவிலேயே இருக்க விரும்புவதாகக் கிராணி எழுதியது அவருக்கு ரொம்பச் சந்தோசமாம். கேட்டபடியே வீட்டு அடுப்படித் தகரத்தையும் மாற்றச் சொல்லிவிட்டாராம்.

வீட்டுக்கு வந்தால் கூரைமேல் ஆள் ஏறியிருந்தான்.

"என் பெட்டிய எப்படிடி திறந்தே?"

"நீங்கதான எழுத்து எழுத்தா பெரட்டு எடுத்தீங்க. அஞ்சாவது வீட்டுக்காரிக்கும் தெரியும்."

கணேசமூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்தார். மாற்றல் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

"போகட்டும். உன் பெட்டியில என்னாதான் இருக்கு? அதையாச்சும் சொல்லு."

"ஒண்ணுமே இல்லைங்க. அதையே நோண்டிக்கிட்டு இருந்தாத்தான உங்க மனுவைப் படிக்கமாட்டீங்க."