ஆஸ்பத்திரியில் ஒரு குறையும் இல்லை

பள்ளிவாசல் எஸ்டேட், மேல்லயம்
ஆடி மாதம், வெள்ளி இரவு

அன்பும் மரியாதையும் மிக்க பவுல்ராஜ் மாமா அவர்களுக்கு, மருமகள் பிலோமி பயந்து நடுங்கி எழுதிக்கொண்டது. மாதா கிருபையால் இங்கே அம்மாவைத் தவிர எல்லோரும் சுகம். போடியில் நீங்களும் அத்தையும் அந்த முட்டுகிற ஆடும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

அப்பா தூங்கிவிட்டார். விளக்கைக் குடத்துக்குப் பின்னால் மறைத்துவைத்து எழுதுகிறேன். அம்மா குளிர்காய்ச்சலோடு தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடப்பது உங்களுக்குத் தெரியும். காய்ச்சல் எப்போதோ விட்டுவிட்டது, ஆனாலும் அதற்குக் கொடுக்கும் கொயினா மருந்து மட்டும் ஏறிக்கொண்டே போனது, அந்த மருந்துச் சூட்டில் அம்மா தன் காதுக்குள் தேயிலை ஃபாக்டரி ஓடுகிறது என்றாள், பக்கத்துக் கட்டில் ராமுத்தாய் அக்கா தனக்குச் சங்கும் சேர்ந்து ஊதுகிறது என்றாள்.

இன்று நான் கஞ்சி கொண்டுபோனபோது மலையாளத்து டாக்டர் அய்யா வந்து அம்மாவிடம், "குறவுண்டோ?" என்றார். அம்மா படுத்தபடியே கும்பிட்டு, "ஒரு கொறையும் இல்லீங்கய்யா! ராசா மாதிரி பாக்கீக!" என்றாள். அவர் முகம் வாடிப்போய்க் கம்பவுண்டரிடம் மருந்தைக் கூட்டச் சொன்னார். "எள்ளளவும் கொறையில்லீங்க" என்ற ராமுத்தாய் அக்காவுக்கும் கூடியது. மாமா, மலையாளத்தில் "குறவுண்டோ" என்றால் "நோய் குறைந்திருக்கிறதா" என்று அர்த்தம்! பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். இவர்கள் மரியாதை கூடக் கூட மருந்தும் கூடுகிறது!

எனக்கு வாய் நிற்கவில்லை. "அய்யா, அவங்க சொகமாத்தான் இருக்காங்க. நீங்க கேக்குறதுதான் தப்பு" என்று சொல்லி, விஷயத்தையும் விளக்கிவிட்டேன். தப்பு என்றா சொல்வது? வேறு வார்த்தையா கிடைக்கவில்லை? டாக்டர் அய்யா "ஈஸ்வரா!" என்றார். பிறகு, "நாளை அச்சனைக் கூட்டி வா மோளே" என்றார், அப்பாவைத்தான்.

வீட்டில் இதைக் கேட்டதும் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "ஏட்டி, டாக்டருக்கே தப்புச் சொல்லிட்டு வந்திருக்கியே! வேலையும் போயி, லயத்து வீட்டை விட்டே எறக்கிருவாகளே!"

மாமா, கடிதம் கண்டவுடன் வந்து எங்களைக் கூட்டிப்போங்கள். நாங்கள் கொஞ்சமாகத்தான் சாப்பிடுவோம், அப்பாவைத் தவிர. அத்தைக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம், ஆட்டுக்குத் தூரத்திலிருந்தே அன்பு.

உங்கள் மருமகள்,
பிலோமி

பி.கு.: சனி சாயங்காலம். வர வேண்டாம் மாமா! டாக்டர் அய்யா அப்பாவை நாற்காலியில் உட்காரச் சொன்னார், அப்பா பயத்தில் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வேலை போகவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் டாக்டரோடு நின்று, அவர் பேச்சில் இன்னும் எங்கே தப்பு என்று சொல்ல வேண்டுமாம். உடனே மருந்தெல்லாம் குறைந்தது. இப்போது தமிழிலேயே, "நோவு கொறஞ்சிருக்கா?" என்கிறார். அம்மாவுக்கு இந்த முறை கேள்வி நன்றாகவே புரிந்தது. "இன்னும் இல்லீங்கய்யா" என்று முனகினாள். "அப்படியா? மருந்து கூட்டு" என்றார் அவர். அம்மா கட்டிலை விட்டுக் குதித்து, "கொறஞ்சு போச்சுய்யா! கொழுந்துக்கூடை தூக்கத்தான் இன்னும் தெம்பில்ல" என்றாள். "அது பறயாமல்லோ!", அதைச் சொல்லலாமே என்று சிரித்து, வீட்டிலே இரண்டு நாள் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார். அந்த இரண்டு நாளும் சமையல் நான்தான். இப்போதைக்கு இது ஒன்றுதான் குறை.