அங்க அடையாளம் இரண்டு

இந்த வருஷம் சாரல் விழுவதற்கு முன்னால் இசக்கியப்பன் ஒரு முடிவெடுத்தார். சொந்தக்காரன் எவனும் மாடி ஏறக் கூடாது.

முடிவெடுப்பது அவருக்குப் புதிதல்ல. எடுத்த முடிவு அந்த வீட்டில் நடந்தால்தான் புதிது.

குத்துக்கல்வலசையில், மலையைப் பார்த்த மாதிரி, ஓய்வுப் பணத்தில் மாடியில் மூன்று அறைகள் கட்டியிருந்தார். குற்றால சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவதாகத் திட்டம். போன வருஷம் ஆனி பிறந்ததும் மேற்கே மலையில் மேகம் இறங்கியது. கிழக்கே பஸ் ஸ்டாண்டில் உறவு இறங்கியது. ராயகிரியிலிருந்து அக்காவும் அத்தான் பாண்டித்துரையும் வந்தார்கள். அவர்கள் போவதற்குள் அத்தானின் தம்பி குடும்பம் வந்தது. அவர்களைப் பார்த்துப்போக இன்னொரு குடும்பம் வந்தது. வராதே என்று எப்படிச் சொல்வது? அருவிக்குக் கதவு இல்லை, அருவிக்குப் பக்கத்து வீட்டுக்கு மட்டும் எதற்கு என்பது உறவுக்காரர்களின் நியாயம்.

அருவியில் குளித்தவன் பசி பொல்லாதது. இசக்கியப்பனின் மனைவி வள்ளித்தாய் சீசன் முழுக்க அடுப்படியை விட்டு நகரவில்லை. கடைசி விருந்தாளியை பஸ் ஏற்றிவிட்ட மறுநாள், மாற்றுச் சேலையைப் பையில் வைத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனாள். பாறைதான் இருந்தது. தண்ணீரும் விருந்தாளிகளோடு கிளம்பிப் போயிருந்தது.

“இந்த வருஷம் பாரு,” என்றார் இசக்கியப்பன். “வெப்சைட் போடப் போறேன். மெட்ராஸ்காரன் பெங்களூர்க்காரன் எல்லாம் முன்னாலயே ரூமை எடுத்திருவான். அத்தான் வந்தா ரூம் இல்லைன்னு சொல்லிருவேன்.”

“நீங்களா சொல்லுவிய?”

“வெப்சைட் சொல்லும்.”

“அது சொன்னாத்தான் உண்டு.”

“காசு குடுத்து வாரவன் சோறு கேக்க மாட்டான் வள்ளி. பார்டர் கடையில பரோட்டா தின்னுட்டு வந்து படுத்திருவான். சும்மா வாரவனுக்குத்தான் மூணு வேளையும் பசிக்கும். நீ பாட்டுக்குத் தினமும் போய் அருவியில குளி.”

“போன வருசமும் இப்படித்தான் சொன்னிய.”

அது அவருக்குச் சுருக்கென்றது. இடுப்பில் தொங்கிய மாடிச் சாவிக்கொத்தைத் தட்டிக் காட்டினார். “ஆடி முடியதுக்குள்ள மூணு ரூமும் என் வெப்சைட்டால நிறையலைன்னா, இந்தக் கொத்தை உங்கிட்டயே குடுத்திருதேன். அப்புறம் மாடியில யாரு தங்கணும்னு நீதான் சொல்லணும். முத்துராமலிங்கம் ஒருத்தனுக்கு மட்டும் எப்பவும் இடம் உண்டு, ஆமா.”

முத்துராமலிங்கம் அவரோடு ஒரே நாளில் காவல் துறையில் சேர்ந்தவர். மாடி கட்டிய நாளிலிருந்து அவரை அழைத்து வந்து காட்ட வேண்டும் என்பது இசக்கியப்பனின் ஆசை.

“சரி,” என்றாள் வள்ளித்தாய். அவள் சரி என்று சொல்வதை அவர் எப்போதும் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்.

வெப்சைட்டை இசக்கியப்பன் தானே செய்தார். செய்யக் கற்றுத்தரும் வீடியோக்களை ஒரு மாதம் பார்த்தார். கண்ணாடியை மாற்றினார். ஒரு காலைப் பொழுதில் பக்கத்து வீட்டு ஜெஸியை அழைத்தார். ஜெஸி ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறவள். அவள் மடிக்கணினியில் பக்கத்தைத் திறந்ததும் கூடத்தில் அருவி கொட்டியது. அத்தனை இரைச்சல். இரைச்சலுக்கு நடுவே இசக்கியப்பனின் குரல், ‘வருக. நான் ஓய்வு பெற்ற சார்பு ஆய்வாளர்’ என்று தொடங்கியது.

“இந்தச் சத்தத்தை எப்படி நிறுத்த அண்ணாச்சி?”

“எதுக்கு நிறுத்தணும்? அருவிச் சத்தம்லா அது.”

“ஆபீஸ்ல உக்காந்து நைசா பாக்கவன் மாட்டிக்கிடுவான்.”

“மாட்டட்டும். வேலை நேரத்துல என்ன குற்றாலம்?”

பச்சைத் தரையில் சிவப்பு எழுத்துகள் இடமிருந்து வலமாக ஓடின. படித்து முடிப்பதற்குள் மறைந்தன. ஜெஸி கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

“ரூம் எங்கன இருக்கு?”

“மாடியில.”

“வெப்சைட்ல கேக்கேன் அண்ணாச்சி.”

“அஞ்சாவது பக்கம். முதல்ல என் சர்வீஸ். பிறகு நான் மெடல் வாங்கின போட்டோ. அதுக்குப் பிறகு விதிமுறைகள். தங்கப்போறவன் யாருகிட்ட தங்கப்போறோம்னு தெரிஞ்சிக்கிட வேண்டாமா?”

“போன் நம்பரைக் காணோமே.”

“நம்பரைப் போட்டா நேரங்கெட்ட நேரத்துல கூப்பிடுவான். முறையா மனு போடட்டும்.”

மனு என்று அவர் சொன்னது பதிவுப் படிவத்தை. அறையின் படத்தைப் பார்ப்பதற்கே அதை நிரப்பியாக வேண்டும். பெயர். தகப்பனார் பெயர். நிரந்தர முகவரி. தற்காலிக முகவரி. வருகையின் நோக்கம். உடன் வருவோர், அவர்களுக்கும் தங்களுக்கும் உள்ள உறவு. கடைசியாக, அங்க அடையாளம் இரண்டு.

“அங்க அடையாளம் எதுக்கு அண்ணாச்சி?”

“தண்ணி ஒருநேரம் போல இருக்காது பாத்துக்க. அடிச்சிட்டுப் போயிட்டா ஆளைக் கண்டுபிடிக்கணும்லா.”

ஜெஸி மடிக்கணினியை மெதுவாக மூடினாள். “தப்பா நினைக்காதிய. இதைத் திறந்தவன் எவனும் நிக்க மாட்டான். சத்தத்தை எடுங்க. எழுத்து ஓட வேண்டாம், ஒரு இடத்துல நிக்கட்டும். ரூமை முதல்ல காட்டுங்க. நம்பரைப் பெருசா போடுங்க. இந்தக் கேள்வியெல்லாம் தூக்கிருங்க.”

இசக்கியப்பனுக்கு விளங்கவில்லை. முப்பது வருஷம் ஸ்டேஷனில் எழுத்தராகவும் அதற்கு மேலும் இருந்தவர். மேசைக்கு எதிரே நின்றவன் எவனும் பாதிக் கேள்வியில் எழுந்து போனதை அவர் பார்த்ததில்லை. வெப்சைட்டுக்கு வருகிறவன் எழுந்து போகலாம், போவதற்கு ஒரு விரல் போதும் என்பது அவர் அனுபவத்தில் இல்லாத விஷயம்.

இருந்தாலும் ஜெஸி படித்த பிள்ளை. மறுநாள் காலையில் பாதி மனதோடு மடிக்கணினியைத் திறந்தார். முதலில் அருவிச் சத்தத்தை எடுத்துவிடலாம் என்று பார்த்தார். வள்ளித்தாய் காப்பியோடு வந்து நின்றாள்.

“என்னத்தை அழிக்கிய?”

“ஜெஸி என்னமோ சொல்லுதா.”

“சர்வீஸ்ல இருந்தது நீங்களா, ஜெஸியா?”

“நாந்தான்.”

“அப்ப இருக்கட்டும். அருவி இல்லாம குற்றாலமா? எனக்கு இது நல்லாத்தான் இருக்கு.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் செய்த ஒன்றை வள்ளித்தாய் நன்றாக இருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இசக்கியப்பன் காப்பியைக் கீழே வைத்தார்.

“நெசமாவா சொல்லுத?”

“நெசமாத்தான். ஒண்ணு மட்டும் சேருங்க. நிரப்பதுக்கு ஒரு நேரம் வையுங்க. உண்மையைச் சொல்லுதவன் சட்டுன்னு சொல்லிருவான். யோசிச்சு யோசிச்சு எழுதுதவன் பொய்க்காரன். நேரம் தாண்டிச்சுன்னா முதல்ல இருந்து வரட்டும்.”

“ஏட்டி, நீ டிப்பார்ட்மெண்டுக்கு வந்திருக்கணும்.”

“மனு வந்தா யாரு பாக்கா?”

“என் போன்ல இடமே இல்லை. பூரா வீடியோ.”

“என் நம்பரைப் போட்டிருங்க. நான் பாத்துக்கிடுதேன். ஒப்புதல் குடுக்கதுன்னா ஒரு அமுக்கு. அவ்வளவுதானே.”

அப்படியே செய்தார். எழுத்துகளை இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டார்.

ஆனி பிறந்தது. காற்று திரும்பியது. தென்காசி ரோட்டில் கார்கள் வரிசை கட்டின. இசக்கியப்பன் வீட்டு மாடியில் மூன்று அறைகளும் நிறைந்தன. ஒரு குடும்பம் இறங்கினால் மாலைக்குள் இன்னொரு குடும்பம் ஏறியது. வந்தவர்கள் சத்தம் போடவில்லை. சோறு கேட்கவில்லை. வெந்நீர் கேட்டார்கள், வந்தது.

எல்லாவற்றையும்விட அதிசயம், ராயகிரியிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை.

வெப்சைட்டின் அடியில் ‘வந்தவர்கள்’ என்று ஒரு எண்ணிக்கை வைத்திருந்தார். அது நாளுக்கு நாள் ஏறியது. இசக்கியப்பன் காலையில் எழுந்ததும் அதைப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்கினார். டீக்கடையில் நின்று நான்கு லாட்ஜ்காரர்களுக்கு யோசனை சொன்னார். “பயலுகளைப் பார்த்த உடனே உள்ள விட்டிரக் கூடாது. நாலு கேள்வி கேக்கணும். அப்பத்தான் மதிப்பான்.”

சாவிக்கொத்து இடுப்பில் முன்பைவிட உரக்கக் குலுங்கியது. சாயங்காலங்களில் வள்ளித்தாயின் தலைமுடி ஈரமாக இருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

ஆடி கடைசியில் தூத்துக்குடியிலிருந்து பென்னி என்ற இளைஞர் மனைவி, கைக்குழந்தையோடு வந்து தங்கினார். காலையில் அவர் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இசக்கியப்பன் பக்கத்தில் போய் நின்றார்.

“தம்பி, நம்ம வெப்சைட்ல உங்களுக்கு எது ரொம்பப் பிடிச்சது?”

“வெப்சைட்டா சார்?”

“அதுல பாத்துத்தானே வந்திய?”

“இல்ல சார். மேப்ல வந்துச்சு.” பென்னி கைபேசியை எடுத்து நீட்டினார். ஒரு படம். மாடி ஜன்னல், ஜன்னல் நிறைய மலை. கீழே மூன்றே வரி. மூன்று அறைகள். வெந்நீர் உண்டு. கார் நிறுத்த இடம் உண்டு. அதற்குக் கீழே குண்டு எழுத்தில் ஒரு எண். வள்ளித்தாயின் எண்.

“அக்காட்ட பேசினேன். எத்தனை பேரு, என்னைக்கு வாரியன்னு கேட்டாங்க. அவ்வளவுதான்.”

“அப்பா பேரு கேக்கலியா?”

“எதுக்கு சார்?”

“அடையாளம்?”

“பச்சை கேட்டுன்னு சொன்னாங்க. சரியா வந்துட்டோம்.” பென்னிக்கு ஏதோ நினைவு வந்தது. “இதுக்கு முன்னால ஒரு வெப்சைட்டைத் திறந்தேன் சார். ஒரே இரைச்சல். தூங்கின பிள்ளை முழிச்சு அழுதுட்டா. யாரோ போலீஸ்காரர் அதட்டுத மாதிரி இருந்துச்சு. மூடிட்டேன்.”

“அது வேற யாராவது இருக்கும்,” என்றார் இசக்கியப்பன்.

அவர் படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த நேரத்தில் போன் அடித்தது. ராயகிரி அத்தான்.

“மாப்ள, கோவிக்காம கேளு. பதினஞ்சு நாளா உன் வெப்சைட்டோட மன்றாடுதேன். மச்சம் ரெண்டு கேக்கு. எனக்கு ஒண்ணுதான் இருக்கு. உங்க அக்கா முதுகு பூராவும் தேடிப் பாத்துட்டா. அவ தேடி முடிக்கதுக்குள்ள நேரம் முடிஞ்சிருச்சுன்னு திரும்ப அருவி கொட்டுது. வீட்டு நாயி அந்தச் சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்திருக்கு.”

“உங்களை யாரு அத்தான் அதுல போகச் சொன்னா?”

“வள்ளிதான் குடும்பத்துல எல்லாருக்கும் அனுப்பி வச்சா. அவுக இப்ப ரொம்பக் கண்டிசன் அண்ணே, பதிஞ்சு வாரவங்களைத்தான் சேப்பாவ, எனக்கே பேசப் பயமா இருக்குன்னா. பாவம்யா அந்தப் பிள்ளை. நீ அவளை எதுவும் சொல்லிராத.”

‘வந்தவர்கள்’ எண்ணிக்கை யாரால் ஏறியது என்பது இசக்கியப்பனுக்கு அப்போது விளங்கியது.

அவர் உள்ளே போனார். வள்ளித்தாய் மாற்றுச் சேலையையும் துண்டையும் பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஜெஸி ஒரு ஆட்டோவைக் கூட்டிவந்து நின்றாள்.

“மேப்ல போட்டது யாரு?”

“ஜெஸி போட்டா. நான் ஜன்னலைத் திறந்து வச்சேன்.”

“அப்ப என் வெப்சைட்டு?”

“அது நல்லா வேலை செய்யுது. சொந்தக்காரன் மாடி ஏறக் கூடாதுன்னுதானே சொன்னிய. ஒருத்தரையும் ஏற விடலையே. நானோ நீங்களோ சொல்லியிருந்தா பகையாகியிருக்கும். அது சொல்லிச்சு, யாருக்கும் கோவம் இல்லை.”

“என் பேரு கெட்டிருக்குமே.”

“அதெல்லாம் இல்லை. உங்க அக்காவுக்குப் பெருமைதான். தம்பி பெரிய ஆளாயிட்டான்னு சொல்லிக்கிட்டிருக்காவளாம்.”

வள்ளித்தாய் கையை நீட்டினாள். அவர் புரியாதவர் போல நின்றார்.

“ரூம் நிறைஞ்சுது. உங்க வெப்சைட்டால நிறையலை. கொத்து.”

இசக்கியப்பன் சாவிக்கொத்தை அவிழ்த்துக் கொடுத்தார். இடுப்பு லேசாகிவிட்டது. லேசான இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார்.

“ஞாயித்துக்கிழமை முத்துராமலிங்கம் வாரான் வள்ளி.”

“பென்னி தம்பி ரூம் அன்னைக்குக் காலியாகுது.”

“அப்ப அதை அவனுக்கு…”

“பதியச் சொல்லுங்க. உங்க அத்தானுக்கு ஒரு நியாயம், கூட்டாளிக்கு ஒரு நியாயமா?” சாவிக்கொத்தைப் பையில் போட்டாள். கைபேசியைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து அதையும் பையில் போட்டாள். ஆட்டோ ஐந்தருவி ரோட்டில் திரும்பியது.

நண்பனைப் பதியச் சொல்ல வாய் வரவில்லை. தானே பதிந்துவிடலாம் என்று மடிக்கணினியைத் திறந்தார். அருவி கொட்டியது. அவருடைய குரலே அவரை வருக என்றது. சர்வீஸைத் தாண்டினார், மெடலைத் தாண்டினார், விதிமுறைகளைத் தாண்டினார். முத்துராமலிங்கத்தின் தகப்பனார் பெயர் தெரிந்திருந்தது. நிரந்தர முகவரியும் தெரிந்திருந்தது. கடைசிக் கேள்விக்கு போன் போட வேண்டியதாயிற்று.

“லே, உனக்கு மச்சம் எங்கன இருக்கு?”

“எதுக்குலே?”

“சும்மா சொல்லு.”

“ரிட்டயர்டு ஆகி உனக்கு என்னமோ ஆயிட்டுலே.”

சிரித்து முடித்து முத்துராமலிங்கம் மச்சங்களைச் சொல்வதற்குள் நேரம் முடிந்தது. மறுபடி அருவி கொட்டியது. மறுபடி வருக. இரண்டாவது தடவை படிவம் போய்ச் சேர்ந்தது. பச்சைத் தரையில் சிவப்பு எழுத்து ஓடியது. அவர் வைத்த வேகத்தில் ஓடியதால் மூன்று முறை பார்த்துத்தான் படிக்க முடிந்தது. தங்கள் மனு பெறப்பட்டது. உரிய ஒப்புதல் வரும்வரை காத்திருக்கவும்.

இசக்கியப்பன் காத்திருந்தார். மலை மறைந்துவிட்டது. சாரல் ஜன்னல் கம்பிவரை வந்து தொட்டுவிட்டுப் போனது. அருவியில் நல்ல தண்ணீர் விழும் நாள். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. பைக்குள் உறையில் கிடக்கும் போன் எங்கே கேட்கப்போகிறது?

அவருடைய போன் அடித்தது. முத்துராமலிங்கம்.

“லே இசக்கி, டிக்கெட் எடுக்கணும். ரூம் உண்டா இல்லையா? ஒரு வார்த்தை சொல்லு.”

“பரிசீலனையில இருக்குலே,” என்றார் இசக்கியப்பன். “மேலதிகாரி குளிக்கப் போயிருக்காவ.”