அப்பா பெட்டியைப் பிரித்த விவரம்

குவைத் மாநகரில் இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தளத்தில் வீற்றிருக்கும் மாமா இளையபெருமாள் அவர்களுக்கு, போலகத்திலிருந்து உங்கள் அக்கா மகன் எழிலன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு அம்மா, அப்பா, பசு, கன்று, நான் ஆகியோர் இதே வரிசையில் நலம். அங்கு நீங்களும் உங்கள் கட்டிலும் ஆட்டமில்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

முக்கியச் செய்தி முதலில். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் உள்ள தயிர்க் கிண்ணத்தின் மேல் ‘சிவராமன்’ என்று அப்பா தன் பெயரை எழுதி ஒட்டிவைக்கும் நடைமுறை இன்று காலை முதல் முற்றிலும் கைவிடப்பட்டது என்பதை உற்றார் உறவினர் அனைவருக்கும் பெருமகிழ்ச்சியோடு அறிவித்துக்கொள்கிறேன். ஒட்டியவர் கையாலேயே உரித்துப் போட்டார். இனி அந்தத் தயிரை யார் வேண்டுமானாலும் தொடலாம், பூனை நீங்கலாக.

தயிருக்கு ஒரு தபாலா என்று கேட்பீர்கள். ஒரு விமான டிக்கெட் மோராகிப்போன கதை இதற்குள் இருக்கிறது, பொறுங்கள். வாட்ஸப் இருக்கப் பேனா எதற்கு என்றும் கேட்பீர்கள். என் போன் அம்மாவின் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே கடுங்காவலில் இருக்கிறது. ஏன் என்று கீழே வரும். பட்டினத்துச் சிவநாதன் அண்ணன் இந்த வாரம் அங்கே வருகிறார். அத்தை உங்களுக்குக் கொடுத்துவிடும் வடகத்துக்கும் கருவாட்டுக்கும் நடுவில் இதைச் செருகுகிறேன். கடிதத்தில் வாசம் அடித்தால் அது என் எழுத்தின் வாசம் அல்ல.

நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அப்பா ஏசி மெக்கானிக்காக அங்கே வந்தார். இடையில் ஊருக்கு வந்ததெல்லாம் கல்யாண வீட்டுக்கு வந்து மொய் எழுதிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிப்பது மாதிரிதான். இந்தத் தடவை இரண்டு மாத லீவு என்றதும் அம்மா வீட்டுக்கு வெள்ளையெல்லாம் அடித்து வைத்தார். வந்து இறங்கியது என்னவோ அப்பாதான், ஆனால் நீங்கள் எட்டுப் பேர் தங்கும் கேம்ப் ரூமையும் கூடவே லக்கேஜில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். முதல் நாள் விடிந்ததும் பார்க்கிறேன், தோளில் துண்டு, கையில் வாளி, பாத்ரூம் கதவுக்கு முன்னால் ஆடாமல் நிற்கிறார். உள்ளே யாருமில்லை. அம்மா அடுப்படியிலிருந்து, “ஏங்க, அது நம்ம வீட்டு பாத்ரூமுங்க, உள்ள போங்க” என்றதற்கு, “இல்ல உமா, யாராச்சும் அவசரமாப் போறதுன்னா போயிட்டு வரட்டும்” என்கிறார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவித் தன் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்தார். டிவி போடலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார், நானும் பெருந்தன்மையோடு கொடுத்தேன். வெள்ளிக்கிழமை அவருடைய சமையல் முறையாம். அம்மா கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் எட்டுப் பேருக்குச் சோறு வடித்து, எட்டுப் பேருக்குக் கோழிக்குழம்பு வைத்து, இறக்கிவைத்த பிறகுதான் வீட்டில் இருப்பது மூன்று பேர் என்பது நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமையும் அதுவுமாகக் கோழியா என்று அம்மா கேட்கவில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டு கற்பூரம்தான் ஏற்றினார். இதெல்லாம் போதாதென்று ஹாலில் கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டு, திரைக்குள்ளேதான் படுக்கை. அங்கே அப்படிப் படுத்தால்தான் பக்கத்துக் கட்டில்காரன் போன் வெளிச்சம் கண்ணில் அடிக்காதாம். அம்மா என்னிடம் மெதுவாக, “வந்திருக்கது எம் புருஷனா, வாடகைக்கு வந்தவரான்னு தெரியலடா” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை.

இதற்கிடையில் விருந்தாளிகள். நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம், வெளிநாட்டிலிருந்து வந்தவனைப் பார்த்தால் “எப்ப வந்தீங்க?” என்ற கேள்வியோடு “எப்பப் பயணம்?” என்ற கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுவார்கள். முதல் கேள்விக்குப் பதில் வருவதற்குள் இரண்டாவது வந்து நிற்கும். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, கோடாலித் தைலமும் சாக்லேட்டும் தீர்வதற்குள் வாங்கிவிட வேண்டும் என்ற கவலைதான். எதிர்வீட்டு அமுதம் அக்கா கேட்டார். தருமபுரத்துப் பெரியப்பா கேட்டார். தேங்காய் பறிக்க வந்த கருப்பையன் அண்ணன் மரத்தின் மேலிருந்தே கேட்டார். ஒவ்வொருவரும் கேட்டுவிட்டுப் போனதும் அப்பா என்ன செய்வார் தெரியுமா, எழுந்து திரைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து ஏதாவது ஒன்றை உள்ளே வைப்பார். பெரியப்பா போனதும் இரண்டு சட்டை. அமுதம் அக்கா போனதும் ஊறுகாய் பாட்டில். பாதி லீவு முடிவதற்குள் பெட்டி முக்கால்வாசி நிறைந்துவிட்டது. அம்மா வாயைத் திறந்து ‘போகாதீங்க’ என்று சொல்கிற ஆள் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அப்பாவும் ‘இருக்கட்டுமா’ என்று கேட்கிற ஆள் இல்லை. தான் இல்லாமலே இந்த வீடு நன்றாகத்தான் நடக்கிறது என்று அவருக்கு ஓர் எண்ணம். பெட்டிதான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து தின்று கொழுத்துக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நான் ஒரு சிறு விஞ்ஞானச் சோதனை நடத்தினேன். உங்கள் கேம்ப் பஸ் ஹாரன் அடிப்பதையும் டிரைவர் “யெல்லா, யெல்லா” என்று கிளம்பச் சொல்லிக் கத்துவதையும் வீடியோ எடுத்து அனுப்பியது நீங்கள்தான், ஆகவே குற்றத்தில் பாதி உங்களுடையது. விடியற்காலையில் அதை அப்பாவின் கட்டிலுக்கடியில் முழுச் சத்தத்தில் ஓடவிட்டேன். திரையைக் கிழித்துக்கொண்டு வந்தார். லுங்கி, அதன் கீழே ஷூ, கையில் காலி டிபன் பாக்ஸ், நேராகத் தெருமுனைக்கு ஓடி நின்றுவிட்டார். பால் ஊற்ற வந்த மாரிக்கண்ணு சைக்கிளை நிறுத்தி, “என்னண்ணே, இன்னைக்கேவா பயணம்?” என்றபோதுதான் அவருக்கு முழிப்பே வந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். திரும்பி வந்தவர் திட்டவில்லை. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, “நல்லவேளை, லேட்டாகல” என்று மட்டும் சொன்னார். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அம்மா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு, “அங்க ஓடுனது போதாதா, இங்கயும் ஓட விடுறியா அவர” என்றார். அன்றிலிருந்து போன் பீரோவில்.

பாவத்தைச் செய்தவன்தானே பரிகாரத்தையும் செய்ய வேண்டும்? உங்கள் மருமகன் நான் மூளையைக் கசக்கினேன். நோய் அப்பாவிடம் இல்லை, அந்தக் கேள்வியில் இருக்கிறது. கேள்வி கேட்கும் ஆள் வாசற்படி ஏறாவிட்டால் பெட்டி நிறையாது. ஒரு வீட்டுக்கு யாரும் வரக் கூடாது என்றால் நம் ஊரில் அதற்குப் பூட்டு வேண்டாம், நாய் வேண்டாம், நிலையில் ஒரு கொத்து வேப்பிலை போதும். அம்மை போட்டிருக்கும் வீடென்று தெரிந்தால் கடன்காரன்கூட எட்டிப் பார்க்க மாட்டான். மறுநாள் காலையில் எங்கள் நிலைப்படியின் இரண்டு பக்கமும் பச்சைப் பசேலென்று வேப்பிலைக் கொத்து. ஹாலில் ஏற்கெனவே திரை, திரைக்குள்ளே படுத்த ஆள், வாசலில் வேப்பிலை. இதற்கு மேல் ஊருக்கு விளக்கம் வேண்டுமா? செய்தது யார் என்று கேட்டால் என் தன்னடக்கம் தடுக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன், நான்தான்.

ஊர் அடங்கிப்போனது. அமுதம் அக்கா தெருவிலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். பெரியப்பா வீட்டு சைக்கிள் எங்கள் வாசலைக் கண்டதும் எதிர்ப்பக்கமாக வளைந்து போனது. அப்பா மட்டும், “என்ன உமா, வாசல்ல வேப்பல?” என்று கேட்டார். அம்மா துளியும் தடுமாறாமல், “காத்து சரியில்லையாம், கட்டச் சொன்னாங்க” என்றார். என் வேலை என்று தெரிந்தும் காட்டிக்கொடுக்கவில்லை பாருங்கள், பெற்ற மனம். அதோடு அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது அல்லவா, கடுகு வெடிக்கும் வாசம் தெருவுக்குப் போனால் குட்டு உடைந்துவிடும் அல்லவா, அம்மா அன்றிலிருந்து தாளிக்காமலே சாம்பார் வைத்தார், தாளிக்காமலே ரசம் வைத்தார். அப்பா கேட்டதற்கு, “உங்க கொலஸ்ட்ராலுக்குத்தாங்க” என்றார். வருஷக்கணக்காக வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கி வந்த மனுஷன், வெந்நீர் மாதிரி இருந்த ரசத்தை ஊற்றிக்கொண்டு, “பிரமாதம்” என்று சொன்னார். என் திட்டத்தின் ஒரே சேதாரம் இதுதான்.

வேறு போக்கில்லாமல் அப்பா பேச ஆரம்பித்தார். இத்தனை வருஷமும் போனில் “நல்லாருக்கேன், நீங்க நல்லாருக்கீங்களா” என்பதற்கு மேல் பேசாத மனுஷன். ஹாலில் மாட்டியிருக்கிறதே, வெள்ளைக் காரில் சாய்ந்துகொண்டு அவர் நிற்கும் போட்டோ, அதைக் காட்டி, “இது யாரு வண்டிப்பா?” என்று கேட்டேன். “யாரோ அரபி வண்டிடா. அவன் வந்து ‘தள்ளு’ன்னான். அதுக்குள்ள உங்க மாமா எடுத்துட்டாரு” என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் கன்றுக்குட்டி மிரண்டது. போன புதிதில் அழுகை வந்தால் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பாத்ரூமில் அழுவாராம், வெளியே வரிசையில் நிற்பவர்கள் தண்ணீர் தீரப்போகிறது என்று கதவைத் தட்டுவார்களாம், முதலில் தட்டியவர் நீங்களாம். அதையும் அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. எழுந்துபோய் ஹாலில் தொங்கிய போர்வையைக் கழற்றித் துவைக்கப் போட்டார். அது இன்னும் காய்ந்து முடியவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். உங்களைப் பற்றி வெளிவந்த மற்ற உண்மைகளை நான் அத்தையிடம் சொல்லவில்லை. உங்களுக்குத் தனி ஏசி ரூம் என்றே அத்தை இன்னமும் நம்புகிறார். என் மௌனத்துக்கு ஒரு நல்ல ஹெட்போன் ஈடாகுமா என்று யோசிக்கவும்.

வேப்பிலையைத் தாண்டி வந்தவர் ஒரே ஒருவர். பட்டினத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கும் ஆஸியா பீவி அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். அம்மா ஓடிப்போய் வாசலிலேயே அவர் காதில் ஏதோ சொன்னதும் அவர் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு உள்ளே வந்து, “தம்பி, கம்பெனில மெஷின் நின்னுபோச்சு. போட்டெல்லாம் கரைக்கு வந்திருச்சு, மீன்காரங்க ஐசுக்கு நிக்கிறாங்க. மெட்ராஸ்லேர்ந்து ஆளு வர நாலு நாளாகுமாம். நீங்க கொஞ்சம் வந்து பார்த்தீங்கன்னா புண்ணியமாப் போகும்” என்றார். அப்பாவுக்கு முகமே மாறிவிட்டது. “டூல்ஸ் பெட்டிக்குள்ள இருக்கே” என்று ஓடினார். அது அடியில் இருந்தது. அதை எடுக்கச் சட்டை வெளியே வந்தது, ஊறுகாய் வெளியே வந்தது, எல்லாம் தரையில் கிடந்தது. போனவர் பொழுது சாய ஈரச் சட்டையோடு திரும்பினார். மெஷின் ஓடுகிறதாம். மறுநாளும், அம்மா சொன்னபடி தெருக் கண்ணில் படாமல் விடியுமுன்னே கொல்லைவழியாகப் போனார். அங்கிருந்து காரைக்காலில் யாரோ ஒருவர் வீட்டு ஏசிக்குப் போனார். தரையில் கிடந்ததை யாரும் பெட்டிக்குள் திரும்ப வைக்கவில்லை. அம்மா அதைத் தாண்டித் தாண்டிப் போனாரே தவிர எடுத்து மடிக்கவில்லை.

விமானத்துக்கு முதல் நாள் சாயங்காலம் நான் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். அம்மா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல், “நாளைக்கு ஃப்ளைட்டு. பெட்டி கட்டலையா?” என்றார்.

“நாளைக்கு ஆஸியா பீவி அம்மா கம்பெனில கேஸ் ஏத்தணும் உமா. மாசாமாசம் பார்த்துக்கச் சொல்லிட்டாங்க.”

“அப்ப ஃப்ளைட்டு?”

“அது நான் இல்லாட்டியும் பறக்கும்.” கொஞ்சம் சாப்பிட்டார். பிறகு, “வருமானம் அங்க மாதிரி வராது. பரவால்லையா?” என்று கேட்டார்.

“சோத்துல தண்ணி ஊத்தட்டுமா?” என்று அம்மா கேட்டார். அவ்வளவுதான் மாமா பேச்சு. எனக்குத்தான் புத்தகத்தில் எழுத்தெல்லாம் கொஞ்ச நேரம் நீச்சலடித்தது.

விமானம் பறந்த மறுநாள் அம்மா வேப்பிலையை எடுத்துக் கிணற்றில் போட்டுவிட்டு, அடுப்பைப் பற்றவைத்துக் கடுகு தாளித்தார். அந்த வாசத்துக்குத் தெருவே வந்துவிட்டது. அமுதம் அக்கா அப்பாவை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்து, “ஒரு தழும்புகூட இல்லாம எறங்கிட்டா பாரு, ஆத்தா” என்றார். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்து அக்கா வழக்கம்போல, “அப்பறம், எப்பப் பயணம்?” என்று ஆரம்பித்தார்.

அப்பா, “எங்கக்கா?” என்றார்.

ஆகவே மாமா, அங்கே அப்பா படுத்திருந்த கீழ்க்கட்டில் இனி உங்களுடையது. மேலேறி இறங்கி மூட்டு தேய்ந்தது போதும். குக்கரையும் நீங்களே வைத்துக்கொள்ளலாமாம், விசில் மட்டும் லூசாக இருக்கிறதாம், துணியால் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நீங்கள் அடுத்த லீவுக்கு வரும்போது உங்களை ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் தீர்மானம் போட்டிருக்கிறோம். வயதில் சின்னவன் ஆசி சொல்லக் கூடாது என்பதால், அம்மாவின் ஆசியை நானே எடுத்து அனுப்புகிறேன்: வேளைக்குச் சாப்பிடுங்கள், வெயிலில் நிற்காதீர்கள், ஓடாதீர்கள்.

தங்கள் தந்திரக்கார மருமகன், குடும்பத்தைச் சேர்த்துவைத்த கோமகன்,
எழிலன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது அம்மா கூப்பிட்டார். கையில் மாவிளக்குத் தட்டு. மாரியம்மன் கோயிலுக்கு வாடா, தட்டைப் பிடி என்றார். எதற்கு என்றேன். “பொய் சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்கணும்.” நான் பெரிய மனதோடு, “நான் செஞ்சதுக்கு நீ ஏம்மா?” என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. “நீ அன்னைக்குப் போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டு எட்டு மணி வரைக்கும் தூங்குனடா. நான்தான் விடியுமுன்னாடி எழுந்து கட்டுனேன். அப்பாட்ட மூச்சு விட்ட, உனக்கு மட்டும் ஆயுசுக்கும் தாளிப்புக் கிடையாது.”

விஷயம் என்னவென்றால் மாமா, யோசித்தது நான், அது சத்தியம். நான் யோசித்தது வாசற்படியில் ஒரு ரப்பர் பாம்பு. எழுந்து பார்த்தபோது வேப்பிலை கட்டியிருந்தது, காற்றுக்கு யாரோ கட்டச் சொன்னதாக அம்மா சொன்னதை நானும் நம்பி, கேட்க ஆளில்லாததால் பேரை நான் எடுத்துக்கொண்டேன். தாளிக்காமல் ரசம் வைத்த அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கடிதத்தைத் திரும்ப எழுதக் கை வலிக்கிறது, சிவநாதன் அண்ணனும் வாசலில் நிற்கிறார். ஆகவே வேப்பிலை விஷயத்தில் ‘நான்’ என்று வரும் இடங்களில் எல்லாம் ‘உங்கள் அக்கா’ என்று போட்டு வாசித்துக்கொள்ளவும். தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனது மட்டும் நான்.