அமரர் கொடுத்த டிபன் கேரியர்

எனக்குத் தெரிந்து, தொலைக்காட்சியில் செத்துப்போன பிறகு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த ஒரே மனிதர் அவர்தான். இதழியல் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘அமரர்’. அந்தப் பெயரால் கூப்பிட்டால் கூசாமல் திரும்பிப் பார்ப்பார்.

அவர் செத்த கதை சுருக்கமானது. அப்போது அவர் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். நண்பர் பாண்டியின் திருமணத்துக்கு ஒரு டிபன் கேரியர் வாங்கி, எங்கள் பக்க வழக்கப்படி, கொடுப்பவரான தம் பெயரை மூடியில் வெட்டிப் பரிசளித்தார். பாண்டி பட்டாசு ஆலைக்கு அதில்தான் சோறு கொண்டுபோவார். ஆலை வெடித்த அன்று, வழக்கம் அறியாத வெளியூர்ச் செய்தியாளர் ஒருவர் கேரியரைக் கண்டார், மூடியைப் படித்தார், பெயரை ஒளிபரப்பிவிட்டார். காரியாபட்டி டீக்கடையில், வாயில் பாதி வடையோடு, அமரர் தம் மரணச் செய்தியைப் பார்த்தார்.

வீடு திரும்பியவரின் முகத்தை அவருடைய தாயார் பார்க்கவில்லையாம். கால் தரையில் பாவுகிறதா என்று குனிந்து பார்த்தாராம்.

“அதுக்குப் பொறவும் ரொம்ப நாளு எங்கம்மா என் காலப் பாத்துட்டுத்தான் சோறு போடும், மேடம்” என்று சிரிப்பார். பிறகு சிரிப்பு நின்றுவிடும். “பாண்டி பொண்டாட்டிதான் பாவம்... டி.வி.ல வேற ஆளு பேரு வந்துருச்சேன்னு, செத்தது தன் புருசன்னு தெரியாம, அந்தப் புள்ள நிம்மதியா ஒல வச்சிருக்கு.”

சூலக்கரைப் பக்கம் இருந்த எங்கள் கல்லூரியின் சாமான் அறைதான் அவருடைய வகுப்பறை. அங்கே இணைப்பில்லாத ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, எதிரே ஒரு நாற்காலி, அதன் கைமேல் மடித்துப் போட்ட பழஞ்சேலை. கறுத்த திரையில் நாற்காலியின் நிழலுரு தெரியும். உற்றுப் பார்த்தால் அது காலியாக இல்லை என்று தோன்றும். நான் உற்றுப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன்.

“அதுல ஒரு அம்மா உக்காந்திருக்காக. இப்பச் சொல்லுலே, யாரு செத்தா?” என்பார், செய்தி வாசிக்க வரும் மாணவனிடம்.

மாணவன் சந்திரன் ஒருநாள் கணீரென்று ஒரு கற்பனைப் பெயரைப் படித்தான். “மெதுவாச் சொல்லுய்யா, காது கேக்குது” என்றது ஒரு பெண்குரல். சந்திரன் பேருந்து நிறுத்தம் வரை ஓடினான். அலமாரிக்குப் பின்னால் கண்ணயர்ந்திருந்த துப்புரவுப் பணியாளர் மாரியம்மாள், கொட்டாவி விட்டபடி எழுந்து வந்தார். அமரர் சந்திரனுக்கே முழு மதிப்பெண் போட்டார். “ஓடுனான்ல, மேடம்? ஆளு இருக்குன்னு நம்பிட்டான். அம்புட்டுதான் பாடம்.”

ஆமத்தூர்ப் பக்கம் மாணவர்களைப் பயிற்சிக்கு அழைத்துப்போன ஒரு காலையில், நிலம் உள்ளுக்குள் இருமியதுபோல் ஒரு சத்தம் கேட்டது. பறவைகள் மொத்தமாக அடங்கின. வெடித்த பட்டாசு ஆலையின் வாசலை நாங்கள் அடைந்தபோது, வேப்பங்கிளையில் தொழிலாளர்கள் மாட்டியிருந்த பைகள் காற்றில்லாமல் ஆடிக்கொண்டிருந்தன. ஒரு கேரியர் கீழே விழுந்து கிடந்தது. மூடியில் ‘மு. காளீஸ்வரி’.

எங்கள் மாணவி ஜெயந்தி உள்ளூர் சேனல் ஒன்றில் வேலைக்கு முயன்றுகொண்டிருந்தாள். எங்கள் கேமரா முன் அந்தச் சேனலின் நேரலைக்குத் தயாராக நின்றவளின் கைப்பேசியில் சேனல்காரர் கத்தியது எங்களுக்கே கேட்டது: “பேரு இருக்குல்ல? சொல்லும்மா! அடுத்த சேனல்காரன் போட்டுருவான். இன்னைக்குச் சொன்னா வேல உனக்குத்தான்!”

ஜெயந்தி கேரியரைப் பார்த்தாள். அமரர் அவளைத் தடுக்கவில்லை. பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து, கேமராவுக்குப் பக்கத்தில், அவளைப் பார்த்தாற்போல் போட்டார். அவ்வளவுதான்.

ஜெயந்தி அந்த வெறும் நாற்காலியைப் பார்த்துப் பேசினாள். “விபத்து நடந்திருக்கிறது. யாருக்கு என்ன ஆயிற்று என்பது இன்னும் உறுதியாகவில்லை. வீட்டாருக்குத் தெரிவித்த பிறகே பெயர்களைச் சொல்வோம்.” கைப்பேசி மறுமுனையில் வசவு கொட்டியது.

அப்போது ஊருக்குள்ளிருந்து ஓர் அம்மா ஓடிவந்தார். கேரியரைக் கண்டதும் எதிரே இருந்த அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் வாங்கிக் குடுத்தது அது. என் பேருதான் வெட்டிருக்கு. எம் மருமக எங்கய்யா?”

நாற்காலி நிறைந்திருந்தது. அமரரின் முகம் வெளிறியதை அன்றுதான் பார்த்தேன். முதல் முறையாக, அவருடைய கால்களைக் குனிந்து பார்க்க எனக்கும் தோன்றியது.

மருமகள் கிடைத்துவிட்டாள். கேரியரைப் போட்டுவிட்டு ஓடியவள், வெறுங்காலோடு ரோட்டோரம் நின்றாள். திரும்பி வராதவர்களும் இருந்தார்கள். அவர்கள் பெயர்களை ஜெயந்தி மாலையில், ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த பிறகே சொன்னாள். அந்தச் சேனல் அவளை எடுக்கவில்லை. இப்போது வேறொன்றில் இருக்கிறாள். மேசைக்கு எதிரே ஒரு காலி நாற்காலி போட்டிருக்கிறாளாம்.

நான் ஓய்வுபெற்ற அன்று அமரர் ஒரு டிபன் கேரியர் பரிசளித்தார். மூடியில் அவர் பெயர்.

“எங்கனயும் வச்சுட்டு வந்துராதீக, மேடம். இன்னொரு தடவ சாக எனக்குத் தெம்பில்ல.”

பேருந்தில் அதை இருக்கைக்கு அடியில் வைப்பதில்லை நான். விருதுநகர் வரும்வரை மடியிலேயே வைத்திருக்கிறேன்.