செவ்வாய் கிரகத்தில் பெனிட்டோ கொடுத்த வாக்கு

ராயபுரத்து பெனிட்டோ இந்த வருசம் பொண்டாட்டியை ஊரறிய மடக்கிவிடுவதென்று முடிவு கட்டிவிட்டான். துறைமுகத்தில் நாற்பதடி கன்டெய்னர் லாரியையே ரிவர்ஸ் எடுத்து நிறுத்துகிறவனுக்கு, ரெஜினா ஒருத்தியைத் திருப்பத் தெரியாதா?

விசயம் இதுதான். ரெஜினாவுக்கு வண்ணாரப்பேட்டையில் தையல்கடை போட ஆசை. பெனிட்டோவுக்கோ வேலை முடிந்து வந்தால் சுடச்சுடச் சோறு தட்டில் இருக்க வேண்டும். ஒரு மாசமாக வீட்டில் இதே ரோதனை.

மாதா கோயில் திருவிழாவுக்கு நாடகம் எழுதுகிறவன் அவன்தான். திருவிழாக் கொடி ஏறின பிறகு பாதர் முன்னால் மேடையில் கொடுத்த வாக்கை அந்தத் தெருவில் யாரும் மாற்ற மாட்டார்கள். மாற்றினால் வருசம் முழுக்க ஓட்டியே சாகடித்துவிடுவார்கள்.

எடுத்தான் ஒரு அரதப்பழசான காதல் நாடகத்தை. திமிர் பிடித்த பணக்காரி, அவளை அடக்கும் ஏழைக் காதலன். அப்படியே தூக்கிச் செவ்வாய் கிரகத்தில் வைத்தான். ஆக்சிஜன் கம்பெனி முதலாளி ரெஜினா, ராக்கெட் டிரைவர் பெனிட்டோ. கடைசிக் காட்சியில் அவள் கம்பெனி சாவியை அவனிடம் நீட்டி, "தொழிலே வேணா, வூடே போதும்" என்று சொல்ல வேண்டும்.

"வசனம் நல்லாக்கீதுயா," என்றாள் ரெஜினா. "பாதர் முன்னாடி சொல்லணுமா?"

"மைக்ல சொல்லணும்."

"சொல்லிட்டா போச்சு. நீ உன் வசனத்த மனப்பாடம் பண்ணிக்கினியா?"

"எழுதுனவனுக்கு இன்னாத்துக்கு மனப்பாடம்? தங்கபுஷ்பம் படுதாவுக்குப் பின்னாடி நின்னுகினு போன்ல எடுத்துக் குடுக்கும். நான் காதுல மாட்டிகினு அப்டியே சொல்லுவேன்."

தங்கபுஷ்பம் பக்கத்து வீட்டுக்காரி. ரெஜினாவுக்கு உயிர்த் தோஸ்து. இதை யோசிக்க வேண்டியவன் யோசிக்கவில்லை.

திருவிழாவன்று ராக்கெட்டிலிருந்து பெனிட்டோ இறங்கியதும் விசில் பறந்தது. தலையில் மாட்டிய ஹெல்மெட்டில் வெளிச்சத்தம் ஒன்றும் கேட்காது. தங்கபுஷ்பத்தின் குரல் மட்டும்தான். அவள் சொல்லச் சொல்ல இவன் முழங்கினான். பார்க்கிற பக்கமெல்லாம் கைதட்டல். ஆளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

கடைசிக் காட்சி. ரெஜினா சாவியை நீட்டினாள், வாய் அசைந்தது. சொல்லிவிட்டாள்! ஜெயித்த குஷியில் காதில் வந்த வசனத்தை அப்படியே முழங்கினான்: "சாவி உன் கையிலயே இருக்கட்டும் கண்ணே. கடைய நீ பாரு, சோத்த நான் பாக்குறேன்."

கூட்டமே எழுந்து நின்று தட்டியது. முன்வரிசையில் பாதர் மைக்கை வாங்கிச் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். காதில் இன்னொரு வசனம். அதையும் விடவில்லை: "நெசந்தான் பாதர், நாளைலேர்ந்தே."

மேடைக்குப் பின்னால் ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான் தான் பேசியது இன்னதென்று உறைத்தது. வீட்டுக்கு ஓடிவந்தான்.

"தோ பாரு ரெஜினா, அது வெறும் வசனம். நாடகத்துல ஆயிரம் சொல்லுவாங்க."

"பாதருக்கும் அதே டவுட்டுதான்யா. 'பெனிட்டோ, இது வசனமா நெசமா'ன்னு மைக்ல கேட்டாரே." ரெஜினா சேலையை உதறி மடித்தாள். "வா, அரிசி எந்த டப்பாவுல கீதுன்னு காட்றேன்."