மாமனார் வண்டியில் மஸ்கட் ஸ்டீரியோ மாட்டிய வகையில்

இயேசு மரி சூசை துணை

பட்டாபிராம்,
14.6.1993

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட மச்சான் இக்னேஷியஸ் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் பிரகாசம் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் எனக்கும் செலினுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் மஸ்கட் வெயிலும் உங்கள் இரத்த அழுத்தமும் எப்படி இருக்கின்றன என்பதற்குப் பதில் போடவும்.

நம் மகள் தெரசாவின் கல்யாணம் சென்ற திங்கட்கிழமை ஆவடி அந்தோணியார் கோயிலில் நல்லபடியாக நடந்தது. நல்லபடியாக என்றால், தாலி ஏறிவிட்டது. மற்றதைத்தான் எழுத வந்தேன். லீவு கிடைக்கவில்லை என்று நீங்கள் ஒரு கார் ஸ்டீரியோவையும், உங்கள் குரலில் ஆசீர்வாதம் பேசிய கேசட்டையும் ஆள் மூலம் அனுப்பி, "அப்பா வண்டியில் கோயிலுக்குப் போகும்போது பிள்ளை கேட்கட்டும், அதற்கு முன் யாரும் போட்டுப் பார்க்கக் கூடாது" என்று எழுதியிருந்தீர்கள். அந்த எழுத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டதுதான் நான் செய்த தவறு.

மாமனாரின் மாரிஸ் மைனர் 1955ஆம் வருடத்து வண்டி என்பது உங்களுக்குத் தெரியும். அதன் டாஷ்போர்டில் நடுவே ஒரு மீட்டர், இரண்டு பக்கமும் கையுறை வைக்க இரண்டு பெட்டி, அவ்வளவுதான். பாட்டுக்கென்று வெள்ளைக்காரன் இடம் விடவில்லை. ஆவடி மார்க்கெட்டில் கார் வயரிங் வேலை பார்க்கும் சுலைமானை அழைத்து வந்தேன். அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "தகரத்த வெட்டணும் சார். நாலு இன்ச்சு வெட்னா சொருவிடலாம்" என்றார். இருபத்தாறு வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவன் நான், இரும்பை வெட்டப் பயந்தவன் இல்லை. ஆனாலும் மாமனார் ஞாயிறுதோறும் பனியன் துணியால் துடைத்த டாஷ்போர்டு அது. வெட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன். "அப்ப இத இன்னா சார், தலைமேல வச்சிகினு ஓட்டப் போறியா?" என்று கேட்டார். மூன்று நாள் நானும் அவரும் பேசாமல் இருந்தோம். நாலாம் நாள் அவரே வந்து இடது பக்கப் பெட்டிக்குள் பலகை அடித்து, வெட்டாமலேயே ஸ்டீரியோவை உள்ளே தள்ளினார். பெட்டியின் விளிம்புத் தகரம் பாதிப் பொத்தான்களை மறைத்துக்கொண்டது. கேசட் போட வழி இருந்தது. நிறுத்தும் பொத்தானை மட்டும் செலினின் கொண்டை ஊசியை விட்டுக் குத்தித்தான் அமுக்க வேண்டும். போகட்டும், வீட்டில் கொண்டை ஊசிக்கா பஞ்சம் என்று நினைத்தேன்.

கரண்டு கொடுத்ததும் புகை வந்தது. செலின் "ஐயோ, எங்கப்பா வண்டி!" என்று குடத்தோடு ஓடி வந்து, புகைமேல் ஊற்றுவதாக நினைத்துச் சுலைமான் தலையில் ஊற்றிவிட்டாள். அவர் சொட்டச் சொட்ட பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து, "சார், இது தலைகீழா கீது சார்! பிளஸ்ஸு பாடிக்குப் போவுது!" என்று கத்தினார். அந்தக் காலத்து வண்டியில் பாட்டரியின் பிளஸ்தான் உடம்போடு சேருமாம். உங்கள் ஸ்டீரியோவுக்கு மைனஸ் சேர வேண்டுமாம். நல்லவேளை, பியூஸ்தான் போயிருந்தது. இரண்டு நாள் பாடுபட்டுப் பாட்டரி, காயில், டைனமோ எல்லாவற்றையும் மாற்றிக் கட்டினார். பிறகு ஸ்டீரியோவுக்கு விளக்கு எரிந்தது. கூடவே, கதவுக்கும் கதவுக்கும் நடுவிலிருந்து நீளுமே, திரும்பப் போவதைக் காட்டும் அந்த இடது கைகாட்டியும் வெளியே நீண்டது. ஸ்டீரியோ ஓடும்வரை கையும் நீட்டியபடியே இருந்தது. "எந்த வயரோ எந்த வயரோட கூட்டு சேந்துகிச்சு சார். கல்யாணம் முடியட்டும், பிரிச்சு வுட்றேன்" என்றார் சுலைமான்.

கல்யாணத்தன்று காலை நான் வண்டி ஓட்ட, பக்கத்தில் தெரசாவும் பின்னால் மாப்பிள்ளையின் அத்தையும் உட்கார்ந்தார்கள். செலினும் பாரிவாக்கத்துச் சொந்தக்காரர்களும் பின்னால் வேனில் வந்தார்கள். வேன் ஓட்டியவர் பெயர் சின்னப்பையன், வயது ஐம்பத்திரண்டு, சிக்னலை மதிப்பவர். கேசட்டைப் போட்டேன். கை நீண்டது. பின்னால் வந்த சின்னப்பையன் நான் இடது பக்கம் திரும்புவதாக நம்பி, கண்ணில் பட்ட முதல் இடது வாசலில் வேனைத் திருப்பிவிட்டார். அது பட்டாளத்து வாசல். துப்பாக்கி வைத்திருந்தவர் இந்தியில் கேட்க, செலின் மாலைக் கூடையைத் திறந்து காட்டி அழுதிருக்கிறாள். எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது உங்கள் குரல் மட்டும்தான். "தெரசா கண்ணு, மாமா பேசறேன்" என்று நீங்கள் ஆரம்பித்ததும் பிள்ளை விசும்பினாள். அவள் பிறந்த அன்று மழையில் நீங்கள் சைக்கிளில் கருணைக்கிழங்கு மூட்டையோடு வந்ததைச் சொன்னபோது அத்தையும் மூக்கைச் சிந்தினார். நானும் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு அழுதேன். பேச்சு முடிந்து 'டக்' என்றது.

மச்சான், ஒரு பக்கம் முடிந்தால் அந்தக் கருவி தானாகவே மறுபக்கம் பாடும் என்று நீங்கள் எழுதவில்லை. மறுபக்கத்தில் நீங்கள் ஏற்கெனவே பேசியிருந்ததை அழிக்கவும் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன், மாமனார் இறந்த புதிதில், செலினுக்கு அனுப்பாமல் வைத்திருந்த கேசட் கடிதம் அது. "செலினு, அப்பா வண்டிய அந்த ஆளு கையில குட்த்துடாத. லேத்து ஓட்றவனுக்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும்? ரெண்டே மாசத்துல பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடுவான்!"

அத்தை முன்னால் சாய்ந்து, "அந்த ஆளுன்னு யாரச் சொல்றாரு?" என்றார். "எங்கப்பாவத்தான் ஆன்ட்டி" என்றாள் தெரசா. பொத்தானைத் தேடினேன். விரல் போகவில்லை. கொண்டை ஊசி செலின் தலையில், செலின் பட்டாள முகாமில். கோயில் வாசலில் வண்டியை நிறுத்தியும் பேச்சு நிற்காததால், புது வேட்டியோடு பானெட்டைத் திறந்து, பாட்டரி வயரைப் பிடுங்கினேன். அந்தக் கிரீஸ் கையோடுதான் பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தேன். மாப்பிள்ளையின் வெள்ளைக் கோட்டில் என் ஐந்து விரலும் போட்டோவில் நன்றாக விழுந்திருக்கின்றன.

இரண்டு மாதம் என்றீர்கள். ஒன்பது வருடம் ஆகிறது. மழையில் ஒரு நாள் வெளியே நிறுத்தியதில்லை. ரேடியேட்டர் மூடி கிடைக்காமல் நானே பித்தளையில் கடைந்து போட்டிருக்கிறேன். இதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை, உங்களிடமும் சொல்லியிருக்க மாட்டேன். ஆகையால் சுலைமானை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஸ்டீரியோவைக் கழற்றி, அடுத்து மஸ்கட் வருபவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். வண்டிச் சாவியும் அதே பார்சலில் வரும். வண்டியை நீங்கள் விரும்பியவருக்குக் கொடுங்கள். நீங்கள் இருப்பது பேரீச்சம்பழ நாடு. நல்ல விலை தெரிந்திருக்கும்.

அண்ணியாருக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு ஆசியையும் தெரிவிக்கவும். தேவமாதா உங்களைக் காப்பாராக.

இப்படிக்கு,
அந்த ஆள்,
ம. பிரகாசம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் சுலைமான் வந்துவிட்டார். "கேசட்டு உள்ள மாட்டிகினு கீது சார், கரண்டு குடுத்தாத்தான் வெளிய வரும்" என்று பாட்டரியை இணைத்தார். விட்ட இடத்திலிருந்து கேசட் ஓட ஆரம்பித்தது. முதலில் நீங்கள் தொண்டையைச் செருமுவது கேட்டது. பிறகு, "இல்ல செலினு. அவரு நல்லாத்தான் பாத்துக்குவாரு. அதான் எனக்கு வயித்தெரிச்சல். அப்பாவத் தூக்கும்போது அவருதான் தோள் குட்த்தாரு. நான் இங்க பைப்பு மாட்டிகினு இருந்தேன். வண்டியாவது எனக்குன்னு இருக்கட்டும்னு தோணிச்சு. வாணாம், அவர்கிட்டயே குட்த்துடு" என்றீர்கள். அப்புறம் நீங்கள் அழுதது மட்டும்தான் இருக்கிறது. காப்பி கொண்டு வந்த செலின் டம்ளரோடு நின்றுவிட்டாள். சுலைமான் கழிவுப் பஞ்சால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கரியாகி, "கழட்டணுமா சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

மேலே எழுதியதில் உங்கள் நலம் விசாரித்ததையும் கல்யாணம் நடந்ததையும் தவிர மீதியை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வேறு தாள் இல்லை. சாவி வராது. லீவு கிடைத்ததும் தந்தி கொடுங்கள். மீனம்பாக்கத்துக்கு வண்டியோடு நானே வருகிறேன். திரும்பும்போது நீங்கள் ஓட்டுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன்.